சுண்டெலிக்கு மைக்ரோசிப் போடலாமா, காதுத் துளையே போதுமா?

கயல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மருந்தியலில் பிஎச்டி செய்கிறேன். சர்க்கரை நோய் வரவழைத்த சுண்டெலிகளில் ஒரு மூலிகைச் சாறு வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. சி57 பிளாக் 6 என்ற கறுப்பு வகை, எல்லாம் ஆண், மொத்தம் 60. கூண்டுக்கு ஐந்து வீதம் வைக்கப் போகிறோம். முதலில் கொழுப்பு மிகுந்த தீவனம், அப்புறம் குறைந்த அளவில் ஸ்ட்ரெப்டோசோடோசின் (கணையத்தைச் சேதப்படுத்திச் சர்க்கரை நோய் வரவழைக்கும் மருந்து), அதன்பின் மருந்து என்று ஆறு மாதம் போகும். வாராவாரம் எடையும் வால் நுனியில் சர்க்கரையும் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் உண்டு. கடைசியில் சிலவற்றுக்கு மூளை எம்ஆர்ஐ.

எது எந்தச் சுண்டெலி என்று அடையாளம் காண, எங்கள் அனிமல் ஹவுஸில் வழக்கமாக வாலில் மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். நீண்ட ஆய்வு என்றால் காதில் துளை. இந்த முறை மைக்ரோசிப் போடலாம் என்கிறார் கைடு. விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் கமிட்டிக்கு விண்ணப்பமான படிவம் பி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லை. இவ்வளவு சின்ன உடம்புக்குள் கண்ணாடிக் குப்பி ஒன்றைச் செருகுவது சரியா? சிப்பைச் சுற்றிக் கட்டி வரும் என்றும் படித்தேன், அது என் முடிவுகளைக் கெடுக்குமா? எந்த அளவு, எந்த இடம், எந்த வயதில் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

விலங்குக்கூட டாக்டர் எழுதியது:

கயல், நான் கால்நடை மருத்துவர். மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் அனிமல் ஹவுஸ் என் பொறுப்பு. ஒரு எலியின் அடையாளம் தொலைந்துவிட்டால் அந்த எலி பட்ட ஊசி, பட்டினி, கடைசியில் அதன் உயிர் எல்லாமே வீண். அதனால் இந்தக் கேள்வியை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் படிவம் எழுதும் முன்பே கேட்டது நல்லது.

உங்கள் ஆய்வுக்கு மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம். சர்க்கரை ஏறிய சுண்டெலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும். மறுநாளே கூண்டில் படுக்கை சொதசொதவென்று ஆகிவிடும். அந்த ஈரத்தில் வாலில் போட்ட மை நிற்காது, போதாததற்கு அதுகளே ஒன்றையொன்று நக்கித் துடைத்துவிடும். அதுவும் கறுப்பு வகையில் வாலே கருமை, கோடு எங்கே தெரியப் போகிறது? வெள்ளை எலிகளுக்கு நம் ஊர் ஆய்வகங்களில் தலை, முதுகு, வால் என்று பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் பூசுவார்களே, அதற்கும் இங்கே வழியில்லை. சொல்லப்போனால் அந்தப் பழக்கமே எனக்குப் பிடிக்காது. காய்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் அது, எலி அதை நக்கவும் செய்கிறது.

துளையின் இடத்தையும் எண்ணிக்கையையும் வைத்து எண்ணைச் சொல்லும் காதுத் துளை நல்ல முறை. மரபணு சோதனைக்கு அந்தத் துணுக்கே உதவும் என்பதால் மரபணு மாற்றிய டிரான்ஸ்ஜெனிக் சுண்டெலி வளர்ப்பவர்கள் அதை விடமாட்டார்கள். ஆனால் உங்களிடம் இருப்பது ஆண்கள், கூண்டுக்கு ஐந்து. சண்டை வரும். காது ஓரத்தில் ஒரு கடி விழுந்தால் 2ஆம் எண் 12ஆம் எண்ணாகத் தெரியும். துளை தானாகவே மூடிக்கொள்ளும் வகைகூட உண்டு. எம்ஆர்எல் சுண்டெலிகளில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் காதுத் துளை தடமே இல்லாமல் ஆறிவிடும், அதை வைத்தே திசு மீளுருவாக்கத்தில் தனி ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் வகையில் அந்தப் பிரச்சினை கிடையாது.

இப்போது குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் நடக்கும் நாளை யோசித்துப் பாருங்கள். பட்டினி போட்ட சுண்டெலிகளுக்கு ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்று குளுக்கோஸ் ஊசி போட்டுக்கொண்டே போவீர்கள். 15ஆம் நிமிடம் வந்ததும் முதல் சுண்டெலியிடம் திரும்ப வேண்டும். அப்புறம் 30, 60, 120. ஒவ்வொரு முறையும் ஐந்து கறுப்புச் சுண்டெலிகளில் சரியானதைப் பிடித்து, காதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பி, துளையை எண்ணி, வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எழுத வேண்டும். காதைத் தேடும் அந்தச் சில நொடிகளில் அது பயந்து நெளிகிறது. பயத்தால் ரத்தச் சர்க்கரை ஏறும், அதுதான் நீங்கள் அளக்க வந்ததும். சிப் உங்களுக்கு உண்மையில் உதவும் இடம் இதுதான். ரீடரை சிப் இருக்கும் பக்கம் காட்டினால் எண் கணினிக்குப் போய்விடும். காதைத் தொட வேண்டாம், தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டாம்.

சிப்புக்குள் பேட்டரி கிடையாது. கண்ணாடிக் குழாய்க்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான தண்டில் சுற்றிய செம்புக் கம்பி, ஒரு துளி சிலிக்கான், அவ்வளவுதான். ரீடர் 134.2 கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலம் உண்டாக்கும். அதில் கம்பிச் சுருள் மின்சாரம் பெற்று, தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஆயுள் முழுக்க வேலை செய்யும் என்பது இதனால்தான்.

அளவு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நாய் பூனைக்குப் போடும் 12 மில்லிமீட்டர் சிப்பின் ஊசி 12 கேஜ் என்ற தடித்த ஊசி. அந்த ஊசியைச் சுண்டெலியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே மனசு வராது. மூக்கிலிருந்து வால் தொடக்கம் வரை எட்டொன்பது சென்டிமீட்டர் உள்ள உடம்பு அது. 8 மில்லிமீட்டர் நீளமும் 1.4 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள சிப் கிடைக்கிறது. அதையே எழுதுங்கள். தாயிடமிருந்து பிரித்த மூன்று வாரக் குட்டி பத்து கிராம் இருக்கும், அதற்குப் போட வேண்டாம். இருபது கிராமைத் தொடட்டும்.

எப்போது என்பதில் ஒரு விஷயம் மிக முக்கியம். ஸ்ட்ரெப்டோசோடோசினுக்கு முன்பே போட்டு, காயம் ஆறிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போங்கள். சர்க்கரை ஏறிய உடம்பில் புண் ஆறத் தாமதமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இடம்: எல்லாப் பாடக்குறிப்பிலும் தோள்பட்டைகளுக்கு நடுவே என்றுதான் இருக்கும். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பிளாக் 6 வகைக்குப் பிடரியிலும் முதுகிலும் சொறிந்து சொறிந்து புண்ணாகும் தோல்நோய் அடிக்கடி வரும். அது எதனால் வந்தது, சிப்பாலா தானாகவா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கும்போது புதிதாகப் போட்ட சிப் துளை வழியே வெளியே வந்துவிடவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக எம்ஆர்ஐ இருக்கிறது. ஃபெரைட் இருக்கும் இடத்தைச் சுற்றிப் படத்தில் ஒரு கரும்பள்ளம் விழும். பிடரியில் சிப் இருந்தால் அந்த நிழல் மூளையின் பின்பகுதி வரை வந்து தொல்லை கொடுக்கலாம். ஆகவே பின்னங்காலுக்கு முன்னால், விலாப்பக்கத் தோலுக்கு அடியில் போடுங்கள். வயிற்றில் ஊசி போடும் பக்கம் ஒன்று, சிப் இருக்கும் பக்கம் மற்றொன்று என்று 60 சுண்டெலிக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஐசோஃபுளூரேனில் லேசான மயக்கம். முடியை விலக்கி, தோலைத் துடைத்து, கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, ஊசியைத் தோலுக்கு இணையாகச் செலுத்துங்கள். நுழைந்த துளையிலிருந்து சிப் தள்ளிப் போய் உட்கார வேண்டும். ஊசியை உருவும்போது துளையை இரு விரலால் அழுத்திப் பிடித்து, தோல் ஒட்டும் பசை ஒரு துளி. ஊசியில் இருக்கும்போது ஒருமுறை எண்ணைப் படியுங்கள், உள்ளே போனதும் ஒருமுறை, மறுநாள் காலை கூண்டைத் திறந்து ஒருமுறை. மறுநாள் படிப்பதைத் தவிர்க்காதீர்கள். இரவில் வெளியே வந்த சிப் படுக்கையில் கிடப்பது அப்போதுதான் தெரியும்.

கட்டி பற்றிய உங்கள் பயம் நியாயமானது, மறைக்க வேண்டியதில்லை. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், சிப் போட்ட 4279 சிபிஏ/ஜே சுண்டெலிகளில் 0.8 சதவீதத்துக்குச் சிப்பைச் சுற்றிக் கட்டி வந்திருந்தது. 2006இல் வந்த இன்னொன்றில் 1260 பி6சி3எஃப்1 சுண்டெலிகளில் 4.1 சதவீதம். கரையாத எந்தப் பொருளைத் தோலுக்கடியில் நெடுங்காலம் வைத்தாலும் அதைச் சுற்றி நார்த்திசு உறை கட்டும். கொறிக்கும் பிராணிகளில் அது சில சமயம் சார்கோமா என்ற புற்றுக்கட்டியாக மாறும். இந்த இரண்டும் நீண்ட காலம் நடந்த ஆய்வுகள். உங்களுடையது ஆறு மாதம், மரபணு மாற்றம் இல்லாத வகை. ஆறு மாதம் என்பதே பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள், கட்டி வராமல் காக்கும் பி53 மரபணுவில் ஒரு பிரதியை இழந்த சுண்டெலிகளில் அந்தக் காலத்துக்குள்ளேயே கட்டிகள் வந்திருக்கின்றன. புற்றுநோய் ஆய்வாக இருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சொல்வது, வாராவாரம் எடை போடும்போது சிப் இருக்கும் இடத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள், கட்டியாகத் தெரிந்தால் பதிவு செய்யுங்கள். மருந்து கொடுக்காமல் ஒப்பிட வைத்திருக்கும் சுண்டெலிகளுக்கும் அதே சிப், அதே இடம்.

கடைசியாக, சிப் போட்டாலும் காதில் ஒரு துளையாவது வேண்டும். கூண்டுக்குள் ஐந்தையும் பிரித்துக் காட்டினால் போதும், 60 வரை எண்ண வேண்டியதில்லை. சிப் விழுந்தாலோ பழுதானாலோ அந்தச் சுண்டெலி யார் என்று சொல்ல வேறு வழி இருக்காது. கால்விரல் வெட்டும் முறையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வலி குறைந்த வேறு வழி இருக்கும்போது அதற்குப் படிவத்தில் எழுத நியாயமே கிடைக்காது.

பணம் இல்லையென்றால் சிப் இல்லாமலும் இந்த ஆய்வை நேர்மையாகச் செய்யலாம். கூண்டுக்கு மூன்றாகக் குறைத்து, காதுத் துளையோடு போங்கள். டெஸ்ட் நாளில் மட்டும் இன்னொருவர் கூட இருக்கட்டும்.

கூண்டறை எழுதியது:

டாக்டர் மேடம் சொன்னதெல்லாம் சரி. நான் கூண்டு வேலை பார்ப்பவன், கையில் ரீடர் பிடிப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

இரும்புக் கம்பி மூடிக்கு மேலே ரீடரை வைத்துப் படிக்க முடியாது. உலோகம் அலையைத் தின்றுவிடும். ஸ்டீல் மேசையும் அப்படித்தான், மேலே ஒரு மரப்பலகையோ பிளாஸ்டிக் தட்டோ போட்டுக்கொள்ளுங்கள். பகலில் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்கும். அந்தக் குவியலுக்கு மேல் காட்டினால் இரண்டு சிப் ஒரே நேரத்தில் பேசி எதுவுமே பதிவாகாது, அல்லது நீங்கள் நினைத்தது இல்லாமல் பக்கத்திலுள்ளது பதிவாகும். ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகே படியுங்கள்.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள் தங்கச்சி. பிளாஸ்டிக் குழாயை நீட்டினால் அதுவே உள்ளே போகும். வாலைப் பிடித்துத் தூக்கும் சுண்டெலிகளைவிடக் குழாயிலோ குவித்த கையிலோ எடுப்பவை மனிதரிடம் பயமில்லாமல் பழகும் என்று லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் 2010இல் காட்டினார்கள். நாங்கள் அதற்குப் பிறகு குழாய்க்கு மாறினோம். குழாய்க்குள் இருக்கும்போதே வெளியே ரீடரைக் காட்டினால் எண் வந்துவிடும். பிளாஸ்டிக் தடுக்காது. அப்படியே தராசில் வைத்தால் எடையும் ஆயிற்று.

எல்பெக்கரை எழுதியது:

ஜெர்மனியில் நடத்தையியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். கயலுக்கு நேரடியாக உதவாது, ஆனாலும் சிப்பால் அடையாளத்தைத் தாண்டி என்ன கிடைக்கும் என்று சொல்ல ஆசை. இங்கே இன்டெலிகேஜ் என்ற கூண்டு வைத்திருக்கிறோம். நான்கு மூலையிலும் தண்ணீர்க் குழாய். மூலைக்குள் நுழையும் இடத்தில் ஆன்டெனா. எந்தச் சுண்டெலி எப்போது வந்து எந்தப் பக்கம் குடித்தது என்பது இரவெல்லாம் தானாகப் பதிவாகும். யாரும் அறைக்குள் போக வேண்டாம். ஒரே கூட்டமாக வாழும்போதே ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

2013இல் டிரெஸ்டன் குழு செய்தது எனக்கு மிகப் பிடித்த ஆய்வு. மரபணுவில் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாத 40 சுண்டெலிகளைப் பல தளங்கள் கொண்ட பெரிய அடைப்பில் மூன்று மாதம் விட்டார்கள். சிப் மூலம் ஒவ்வொன்றும் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தார்கள். நாளாக ஆக அவற்றின் நடமாட்டம் பிரிந்துகொண்டே போனது. அதிகம் சுற்றித் திரிந்தவற்றின் மூளையில் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் அதிகம் உருவாகியிருந்தன. மார்க்கர் கோட்டை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

தொற்றுநோய் ஆய்வு செய்பவர்களுக்கு உடல் வெப்பத்தையும் சொல்லும் சிப் உண்டு. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் அந்தப் பயத்திலேயே வெப்பம் ஏறிவிடும். சிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. நோய் முற்றும்போது சுண்டெலியின் உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். அதைத் தொட்டுத் துன்புறுத்தாமல் அறிந்து, அது தவித்துச் சாவதற்கு முன்பே வேதனையை முடித்துவிடலாம்.

நுண்சில்லு எழுதியது:

மேலே எல்லோரும் பேசுவது அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழாயைப் பற்றி. அதைவிட மிகச் சிறியது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பார்மாசெக் என்ற நிறுவனம் உருவாக்கிய பி-சிப். பக்கத்துக்கு 500 மைக்ரோமீட்டர், தடிப்பு 100 மைக்ரோமீட்டர். அதாவது நீளமும் அகலமும் அரை மில்லிமீட்டர். கம்பிச் சுருளால் மின்சாரம் பெறாமல் ஒளியால் பெறுகிறது. ரீடரிலிருந்து லேசர் பட்டால் மேலே உள்ள ஒளிமின்கலங்கள் உயிர்பெற்று எண்ணை வானொலி அலையாக அனுப்பும். சுண்டெலியின் வாலில் தோலுக்கடியில் சாதாரண ஊசியாலேயே போடலாம். 2009இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இதை எறும்பின் முதுகில் ஒட்டி, எந்த எறும்பு எப்போது இரை தேடக் கிளம்புகிறது என்று பார்த்தார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள எறும்பு அது.

நான் நோயறிதல் பக்கம் வேலை பார்ப்பதால் எனக்கு இதன் இன்னொரு பயன்தான் முக்கியம். சிப்பின் மேற்பரப்பில் ஒரு டிஎன்ஏ துண்டை ஒட்டலாம். ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு துண்டு, எந்த எண்ணில் எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குழாயில், சோதிக்க வேண்டிய திரவத்தில் போட்டுக் கலக்கி, பிறகு ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டால் எண்ணும் தெரியும், பொருந்தும் டிஎன்ஏ ஒட்டியதால் ஒளிர்கிறதா என்பதும் தெரியும். இப்போது பரவலாக இருக்கும் லூமினெக்ஸ் முறையில் சிப்புக்குப் பதிலாக உள்ள நுண்மணிகளை நிறச்சாயத்தால் அடையாளம் காண்கிறோம், 500 வகையோடு நிற்க வேண்டும். எண்ணுக்கு அந்தத் தடை இல்லை.

கயல், வாலில் நீங்கள் வாராவாரம் ரத்தம் எடுப்பதாகச் சொன்னீர்கள். பி-சிப் வாலுக்குத்தான் பொருத்தம், நடுவாலில் போட்டு நுனியில் குத்தலாம் என்றாலும் நீரிழிவு வாலில் இரண்டு வேலையும் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

கயல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டாக்டர் மேடம், சிப்பை எப்போது, எங்கே போடுவது என்று எழுதினீர்களே, அந்த இரண்டையும் கைடிடம் காட்டினேன், உடனே ஒத்துக்கொண்டார். கூண்டறை அண்ணா சொன்ன குழாயையும் வாங்கச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. பக்கத்தில் ஒரு நாய் மருத்துவமனையில் ரீடர் இருக்கிறது, இரவல் தருவார்கள். அது போதுமா? ஆய்வு முடிந்ததும் சிப்பை எடுத்துக் கழுவி, அடுத்த மாணவருக்குக் கொடுக்கலாமா? விலை அதிகம் என்பதால் கேட்கிறேன்.

விலங்குக்கூட டாக்டர் எழுதியது:

ரீடர் விஷயம்: சிப் ஐஎஸ்ஓ தரத்தில், 15 இலக்கம் உள்ளதாக இருந்தால் நாய் ரீடர் படிக்கும். ஆனால் 8 மில்லிமீட்டர் சிப்பின் சுருள் சிறியது, ரீடரைக் கிட்டத்தட்ட தோலைத் தொடும் அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். எண்ணைக் கணினிக்கு அனுப்பாத ரீடர் என்றால் உங்களுக்கு உதவாது. டெஸ்ட் நாளில் 15 இலக்கத்தைக் கையால் எழுதுவது காதுத் துளையை எண்ணுவதைவிட ஆபத்து. ஒரே பெட்டியில் வரும் சிப்புகளின் எண்கள் கடைசி சில இலக்கங்களில் மட்டுமே வேறுபடும். சிப்போடு பார்கோடு ஸ்டிக்கர்கள் வரும், ஒன்றைக் கூண்டு அட்டையிலும் ஒன்றைப் பதிவேட்டிலும் ஒட்டுங்கள்.

மறுபடி பயன்படுத்த வேண்டாம். விலையைக் கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் ஒரே எண் இரண்டு சுண்டெலிகளின் பெயரில் பதிவேட்டில் இருந்தால், நாளைக்கு யாராவது உங்கள் தரவைச் சரிபார்க்கும்போது பதில் சொல்ல முடியாது. நெக்ராப்சியில் (இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்கும்போது) முதல் வேலையாக ரீடரால் எண்ணைப் படியுங்கள். பிறகு சிப்பைச் சுற்றியுள்ள தோலோடு சேர்த்து வெட்டி எடுத்து, திசுவைத் தனியாக ஃபார்மலினில் வையுங்கள். சிப்பை அந்தச் சுண்டெலியின் எண் எழுதிய சிறு பையில் போட்டு, மற்ற மாதிரிகளோடு பாதுகாத்து வையுங்கள். படிவம் பியில் இந்த இரண்டு வரியையும் சேர்த்துவிடுங்கள், கமிட்டி கேட்கும்.

ஆர்டர் கொடுக்கும் முன் விற்பவரிடம் ஒன்றிரண்டு மாதிரி சிப் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வாங்கப் போகும் ரீடரில், உங்கள் கூண்டறையில், உங்கள் மேசைமேலேயே படித்துப் பாருங்கள். அங்கே படிக்கிறது என்றால் மொத்தமும் வாங்கலாம்.